விழுந்த மரத்தின் சுற்றளவு

அந்த வேலையில் விஜிக்கு ஆகாதது இரண்டு. ஒன்று அட்டை. மேகமலைக் காட்டில் ஜூன் மழை இறங்கிவிட்டால் இலைக்கு ஒன்றாக அது எழுந்து நின்று ஆடும். புகையிலைத் தூளும் உப்பும் முடிந்த துணியைக் காலில் தேய்த்துக்கொண்டு போனாலும், திரும்பி வந்து துணி மாற்றும்போது இடுப்பில் ஒன்று, கழுத்தடியில் ஒன்று என்று கொழுத்துத் தொங்கும். பிய்த்து எறிந்தால் விரலில் ஒட்டிக்கொள்ளும். மற்றது வெடிப்பலாவின் நாற்றம். மாசி மாதம் கிளையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூத்து அது ஒரு மாதிரி புளித்து நாறும். ஆனி, ஆடியில் முள்ளுக்காய் வெடித்து விழுந்து, சோலைமந்திகள் தின்று துப்பியது போக மிச்சம் மரத்தடியில் அழுகும்போது, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும்.

அந்த மரத்தடிக்குத்தான் அவள் மாதந்தோறும் போக வேண்டியிருந்தது.

விஜி பண்ணைப்புரத்துக்காரி. அப்பா மலைச்சாமிக்குத் தென்னையும் வெங்காயமும்தான் பிழைப்பு. தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்ததும் மதுரையில் பேராசிரியர் வைகுண்டராஜ் தன் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணிக்கு அவளைச் சேர்த்துக்கொண்டார். அவரிடமே பிஎச்.டி.க்கும் பதிவு செய்துகொண்டாள். மேகமலையில் அறுபது வெடிப்பலா மரங்களுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றின் அடிமரத்தைச் சுற்றியும் நெஞ்சு உயரத்தில் ஓர் எவர்சில்வர் பட்டை மாட்டியிருந்தார்கள். பட்டையை ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். மரம் தடித்தால் ஸ்பிரிங் விரிந்து பட்டையில் இடைவெளி கூடும். மாதக் கடைசி வாரத்தில் போய் அந்த இடைவெளியை வெர்னியர் அளவுகோலால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். துளிர், பூ, காய் எவ்வளவு என்றும் எழுதி, அந்தப் பக்கங்களின் நகலை மாதாமாதம் மதுரைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். மூன்று வருடத்துக்கு இதுதான் வேலை.

கூட வருவதற்கு ராக்கையா இருந்தார். தேயிலை எஸ்டேட்டில் காவலுக்கு வாச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் குடியிருப்பு. அவர் முன்னால் அரிவாளோடு வழி ஒதுக்கிப் போவார், இவள் பின்னால் போவாள். நான்கு நாளில் அறுபது மரமும் முடியும்.

2004ஆம் வருடம் முழுக்க அவள் ஒரு மாதம்கூட விடவில்லை. மரம் தடிப்பதை அந்த வருடம்தான் கண்ணால் பார்த்தாள். மார்ச், ஏப்ரல் வெயிலில் மரம் இளைக்கும். அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர் என்று இடைவெளி குறைந்துபோகும். ஜூனில் முதல் மழை விழுந்த ஒரு வாரத்தில் சடாரென்று கூடும். அது வெறும் தண்ணீர், பட்டை ஊறி வீங்குவது. உள்ளே கட்டை கூடுவது அதற்குப் பின்னால், ஜூலை முதல் நவம்பர் வரை, மெதுவாக. டிசம்பரில் நின்றுவிடும். முப்பத்தொன்றாம் எண் மரம் மட்டும் மற்றதைப்போல மூன்று மடங்கு தடித்தது. ஓடைக்கு மேலே சரிவில், இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். ஒவ்வொரு மாதமும் அதன் அளவை எழுதும்போது அவளுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம் வரும்.

அடுத்த வருடம் ஜூலையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. சின்னமனூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸைத் தென்பழனி செக்போஸ்ட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். மேலே பாதையில் மண் சரிந்து கிடந்தது. ஜீப்பும் போகாது என்றார்கள். அவள் சின்னமனூருக்கே திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டலில் உட்கார்ந்து டீ சொன்னாள். பை மடியில் இருந்தது. நோட்டை எடுத்துப் போன வருட ஜூலை மாதத்தைப் பார்த்தாள். எந்த மரம் எவ்வளவு கூடியிருந்தது என்று இருந்தது. இந்த வருட ஜூன் அளவோடு அதைக் கூட்டினால் ஜூலை அளவு வந்துவிடும்.

ஒரு மாதம்தானே என்று நினைத்தாள்.

அப்படியே கூட்டினால் தெரிந்துவிடும் என்று அங்கங்கே புள்ளிக்குப் பின்னால் ஒன்றைக் கூட்டினாள், ஒன்றைக் குறைத்தாள். நாலு மரத்தை இளைக்கவும் விட்டாள். நிஜத்தில் அப்படித்தான் ஒன்றிரண்டு இளைக்கும். அறுபதும் முடிந்தபோது டீ கிளாசில் ஆடை படிந்திருந்தது. நாற்பது நிமிடம். ஒரு அட்டை இல்லை, நாற்றம் இல்லை.

ஆகஸ்டில் பாதை சரியாகிவிட்டது. ஆனால் தங்கைக்கு வளைகாப்பு வைத்திருந்தார்கள். செப்டம்பரில் காய்ச்சல் வந்து மூன்று நாளில் விட்டது. பிறகும் போயிருக்கலாம். அக்டோபரில் ஒரு காரணமும் இல்லை. வீட்டில் கட்டிலில் சாய்ந்துகொண்டு, டி.வி. ஓடிக்கொண்டிருக்க, அவள் அறுபது மரத்தையும் வளர்த்தாள். முப்பத்தொன்றுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாகப் போட்டாள். பிடித்த மரம் அல்லவா.

"எம்மகளுக்கு மலையில வேலை, வீட்டுலயும் வேலை" என்று மலைச்சாமி வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

நவம்பர் நடுவில் பேராசிரியர் போன் செய்தார். டிசம்பர் முதல் வாரம் மேகமலைக்கு வருவதாகவும், அதற்குள் நவம்பர் அளவு தயாராக இருக்க வேண்டும் என்றும் சொன்னார். விஜி மறுநாளே பஸ் ஏறினாள்.

நாலு மாதம் கழித்து வருகிறவளை ராக்கையா ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்குச் சரியில்லையா தாயி?" என்றார். அவள் தலையை ஆட்டிவைத்தாள். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டார்.

முதல் மரத்திலேயே கோளாறு தெரிந்தது. நோட்டில் அக்டோபர் அளவு 27.4. வெர்னியரில் 25.1. தவறாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி அளந்தாள். அதே 25.1. அடுத்த மரம், அதற்கு அடுத்த மரம் என்று எங்கே வைத்தாலும் நோட்டைவிடக் குறைந்தே வந்தது. கணக்குப்படி காட்டில் உள்ள மரமெல்லாம் ஒரே மாதத்தில் இளைத்துப்போயிருக்க வேண்டும். பத்தாவது மரத்தில் அவளுக்குப் புரிந்தது. இந்த வருடம் மரங்கள் தடிக்கவே இல்லை. ஜூன் அளவிலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருந்தன. பிப்ரவரியில் கிளை தெரியாமல் பூத்திருந்ததும், ஜூனில் காய் எண்ண முடியாமல் "ஏராளம்" என்று எழுதியதும் அவள் கையெழுத்திலேயே இருந்தது. போன வருடம் காய்ப்பு இல்லை, மரம் தடித்தது. இந்த வருடம் இருந்ததையெல்லாம் காய்க்குப் போட்டுவிட்டு மரம் சும்மா நின்றிருக்கிறது. மூன்று வருடத் திட்டத்தில் கண்டுபிடிக்க ஏதாவது உண்டென்றால் அது இதுதான். அதை அவள் சின்னமனூர் ஓட்டலில் டீ குடித்துக்கொண்டே மூடிவைத்திருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் முப்பத்தொன்றுக்குப் போனார்கள். ஓடைச் சத்தம் கேட்டது, மரத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

மரம் சரிவில் தலைகீழாகக் கிடந்தது. வேரோடு பெயர்ந்து வந்த மண்சுவர் ஆள் உயரத்துக்கு நின்றது. பட்டை உப்பி, கை வைத்தால் வழுக்கிக்கொண்டு கழன்றது. அடியில் வெள்ளையாகப் புழு நெளிந்தது. நசுங்கிய காயெல்லாம் கறுத்துக் கூழாகி, அதன்மேல் பன்றி கிளறி விட்டைபோட்டுப் போயிருந்தது. அந்த அழுகலுக்கு நடுவில் எவர்சில்வர் பட்டையும் '31' என்ற தகடும் மட்டும் துடைத்துவைத்த மாதிரி மின்னின.

"எப்பண்ணே விழுந்துச்சு?"

"ஆடிப்பெருக்குக்கு மறுநாளு தாயி. காத்தும் மழையுமா ஒரே ஆட்டம். லயன் வரைக்கும் சத்தம் கேட்டுச்சு."

ஆகஸ்ட் தொடக்கம். அதற்குப் பிறகு நோட்டில் இது மூன்று மாதம் வளர்ந்திருக்கிறது. இருக்கிற அறுபதில் இதுதான் அதிகமாக வளர்ந்திருக்கிறது.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"நீங்க வந்தாத்தான சொல்றது? வந்தா நீங்களே பாப்பீகன்னு இருந்துட்டேன்." அவர் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். நோட்டு அந்தப் பக்கத்தில்தான் விரிந்திருந்தது. அவருக்கு எண் படிக்கத் தெரியும். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

விஜி ஓடைப் பக்கம் போய்க் குனிந்து காலையில் தின்ற இட்லியையெல்லாம் வாந்தியெடுத்தாள். வாயைக் கொப்பளிக்கும்போது புறங்கையில் ஓர் அட்டை ஏறிக்கொண்டிருந்தது. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. குடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிச்ச மரங்களையும் இரண்டு நாளில் அளந்து முடித்தாள். இந்தத் தடவை நோட்டில் எழுதியதோடு தனித்தாளிலும் எழுதி வைத்துக்கொண்டாள்.

டிசம்பரில் வைகுண்டராஜ் வந்து எஸ்டேட் விருந்தினர் விடுதியில் தங்கினார். காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விஜி நின்றுகொண்டே சொன்னாள். ஜூலையிலிருந்து நாலு மாதம் மேலே வரவில்லை. எண்களெல்லாம் தான் உட்கார்ந்து எழுதியவை. முப்பத்தொன்று ஆகஸ்டிலேயே விழுந்துவிட்டது. அவர் எழுந்து கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

அவர் ஒரு சுளையை வாயில் போட்டு, கொட்டையை உள்ளங்கையில் துப்பினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"ராக்கையாண்ணனுக்குத் தெரியும் சார்."

"அவன் கிடக்கான். நம்பரெல்லாம் நான் பார்த்தேனேம்மா. அருமையா வந்திருக்கு. போன வருஷத்தோட அப்படியே ஒத்துப்போகுது."

"போன வருஷத்தப் பாத்துத்தான் சார் எழுதினேன். அப்புறம் எப்படி ஒத்துப்போகாம இருக்கும்?"

அவர் சிரித்தார். வயிறு குலுங்க, நிஜமாகவே சிரித்தார். "ஃபீல்டு வேலையில ஒரு மாசம் ரெண்டு மாசம் இப்படி ஆகறதுதான். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிற. அரையாண்டு ரிப்போர்ட்ல அந்த முப்பத்தொன்னு கிராஃப்தான் முதல் பக்கம். எல்லாரும் பாராட்டினாங்க. நவம்பர்ல விழுந்துச்சுன்னு எழுதிரு. முடிஞ்சுபோச்சு."

"மத்த மரமெல்லாம் இந்த வருஷம் தடிக்கவே இல்ல சார். காய்ப்பு அதிகம். நவம்பர் அளவு அக்டோபரோட சேரவே மாட்டேங்குது."

"அப்ப நவம்பரைச் சரி பண்ணிக்கலாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "நவம்பர் சரியாத்தான் சார் இருக்கு. அதுதான் அளந்தது."

"ரிப்போர்ட் போயிருச்சேம்மா. போனது போனதுதான். இனி வர்றதைத்தானே மாத்த முடியும்?" பாடம் நடத்துகிற பொறுமையோடு சொன்னார். எழுந்து வந்து அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆரஞ்சுச் சாறு பிசுபிசுத்த கை ரவிக்கையில் ஒட்டிப் பிரிந்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

ராக்கையா வாசலில் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வைகுண்டராஜ் அவரைக் கூப்பிட்டார்.

"என்னப்பா, அந்த ஓடைக்கரை மரம் எப்ப விழுந்துச்சு?"

ராக்கையா விஜியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"அய்யா எப்ப விழுந்துச்சுங்கிறீகளோ அப்பத்தேன்" என்றார்.

"பாத்தியா" என்றார் வைகுண்டராஜ்.

அந்தக் காட்டில் எந்த மரம் எந்த இரவில் முறிந்தது என்று நாள் நட்சத்திரத்தோடு சொல்லக்கூடிய மனிதர் அவர். அவர் வாயிலிருந்து அந்தப் பதிலை வரவழைத்தது பேராசிரியர் இல்லை, தான்தான் என்று விஜிக்குப் பட்டது. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே, கட்டிலில் சாய்ந்துகொண்டு வரவழைத்துவிட்டோம்.

"நான் நவம்பரை மாத்த மாட்டேன் சார்."

"நீ மாத்த வேண்டாம். நோட்டைக் கொடு." அவர் வாங்கி ஜீப்பின் முன்சீட்டில் வைத்துக்கொண்டார். கோபமே இல்லை. போகும்போது மிச்சமிருந்த இரண்டு ஆரஞ்சை ராக்கையாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ராக்கையா அதை வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பண்ணைப்புரத்துக்குத் திரும்பிய விஜி, திட்டத்துக்குப் பணம் கொடுக்கும் சென்னை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். பேராசிரியர் சொன்னதையெல்லாம் இரண்டு பக்கம் எழுதினாள். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தாள். அவர் செய்ததெல்லாம் விவரமாக இருந்தது. தன் பங்குக்கு ஒரே ஒரு வரி. "ஜூலை முதல் அக்டோபர் வரை எண்கள் நிரப்பப்பட்டன." யார் நிரப்பியது என்று இல்லை. கிழித்துப்போட்டாள். அடுத்த தாளில், "நான் போகவில்லை. நான் பொய்யாக எழுதினேன்" என்று தொடங்கினாள். தனித்தாளில் எழுதி வைத்திருந்த நவம்பர் அளவுகளை நகலெடுத்து இணைத்து அனுப்பினாள்.

நாலு மாதம் கழித்து, விஷயம் கவனிக்கப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்கு அடுத்த வாரம் வைகுண்டராஜிடமிருந்து பதிவுத் தபால். களப்பணிக்குச் செல்லாமல் நான்கு மாதம் பொய்யான அளவுகளைப் பதிவு செய்த குற்றத்துக்காக அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு ரத்து செய்யப்படுவதாக இருந்தது. கீழே, சென்னை அலுவலகம் தனக்கு அனுப்பிவைத்த அவள் கடிதத்தையே ஆதாரமாகக் குறிப்பிட்டிருந்தார். அவர் அனுப்பியதை வரிவரியாகப் படித்தாள். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மலைச்சாமி கடிதத்தைப் பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டார். வீட்டுக்கு வந்து, "போகலைன்னா போகலைன்னு இருந்துட்டுப் போறது. நீயா ஏன் எழுதிக் குடுத்த?" என்றார். அவள் பொய் எழுதியதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா தன்னைத் திட்டினார் என்பதைவிட, எதற்காகத் திட்டினார் என்பதுதான் அவளை அறுத்தது.

ஆண்டிபட்டியில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்தப் போனாள். 2008இல் ஒருநாள் தேனியில் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்திருந்தபோது தேடிப் பார்த்தாள். வைகுண்டராஜின் கட்டுரை வந்திருந்தது. வெடிப்பலாவின் பருவச் சுழற்சியும் அடிமரப் பெருக்கமும். மழை கூடக் கூட மரம் தடிக்கிறது, பூப்பதும் காய்ப்பதும் அதைப் பாதிப்பதில்லை என்று முடிவு சொல்லியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் வரைபடம். 2005 ஜூலையில் ஏறி, ஆகஸ்டில் ஏறி, நவம்பரில் வழுவழுவென்று போய் நின்றது அந்தக் கோடு. நவம்பர் அவர் கை. அதற்கு முன்னால் உள்ள நாலு புள்ளியும் தன் கை. எந்த இடத்தில் தான் முடிந்து அவர் தொடங்குகிறார் என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் யாரோ பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். அதுபோல எத்தனையோ எண்ணெய்க் கை பட்டுப் பிசுக்கேறியிருந்த மவுஸைத் தொடப் பிடிக்காமல், திரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

கட்டுரையை வெளியிட்ட ஆராய்ச்சிப் பத்திரிகைக்கும் எழுதினாள். பேராசிரியரிடம் விளக்கம் கேட்டிருப்பதாக ஒரு பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் ஆடியில் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் ராக்கையாவைப் பார்த்தாள். பலசரக்கு வாங்க இறங்கி வந்திருந்தார். மேகமலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கால்மாட்டில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு, "இங்கன உக்காருங்க தாயி" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

வேலை, வீடு என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு அவரே சொன்னார். "அந்த அய்யா போன மாசம் வந்தாக. புதுசா ரெண்டு பிள்ளைகளைக் கூட்டியாந்தாக. மறுபடியும் மரம் அளக்கணுமாம். புதுப் பட்டையெல்லாம் கொண்டாந்திருந்தாக."

"நீங்க போறீகளாண்ணே?"

"கூப்பிட்டாக. எனக்குக் கண்ணு மங்கிருச்சு, காட்டுக்குள்ள தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"கண்ணுக்கு என்னாச்சு?"

"கண்ணுக்கு என்ன? நல்லாத்தேன் தெரியுது." அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். "அன்னைக்கு அவுககிட்ட அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது தாயி. ஆடிப்பெருக்குக்கு மறுநாள்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இருந்தாலும் சொல்லியிருக்கணும்."

"நீங்க என்னண்ணே செய்வீக. நான்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்."

அதற்கு அவர் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

"அந்தப் பிள்ளைக நல்ல பிள்ளைகளா?"

"பொட்டப்புள்ள ஒண்ணு. ஆம்பளப்பய ஒருத்தன். அந்தப் புள்ள அட்டையப் பாத்துட்டு அலறிக்கிட்டே இருந்துச்சு."

"பேரு தெரியுமாண்ணே? எந்த ஊரு?"

"உத்தமபாளையம்னு சொன்னுச்சு. பேரு ஹேமாவதி." ராக்கையா அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் தாயி, பேசணுமா?"

"பேசணும்ணே."

மேகமலை பஸ் வந்து நின்றது. அவர் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, அந்தப் பெண் எஸ்டேட்டில் எந்த லயனில் தங்கியிருக்கிறாள் என்று படியில் நின்றபடியே அடையாளம் சொன்னார். விஜி கைப்பையில் பேனா தேடினாள், கிடைக்கவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, அன்றைக்குக் காலை முதல் பஸ்ஸுக்கு வருகிறேன் என்று அவள் கத்திச் சொன்னாள்.